ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது

சாளையநத்தம் வடிவாம்பிகை டாக்கீஸில் நடந்ததை அங்கே உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

முதலாளி தாண்டவராயன் முதலில் நெல் மண்டி வைத்திருந்தவர். "கட்டடத்தை சினிமாக் கொட்டகையா மாத்துங்க, பிச்சுக்கிட்டு ஓடும்" என்று யாரோ சொன்னார்கள். மாற்றினார். எதிர்ச் சாரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டடம் ஓடுகிறதா என்று மூன்று நாள் பார்த்தார். ஓடவில்லை. ஓடினால் யார் போய்ப் பிடிப்பது, ஓடாததே நல்லது என்று மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மெஷின் ஓட்டுகிறவர் ஆபரேட்டர் ஜோதிலிங்கம். தொழில் சொல்லிக் கொடுத்தவர் முதல் நாளே, "லென்சுக் கண்ணாடியில கை படக்கூடாது" என்று சொல்லியிருந்தார். பதினைந்து வருஷமாக அதில் அவர் கை படவில்லை. துணியும் படவில்லை.

கேட்டில் நிற்பவன் பாவாடை. "கதவைப் பாத்துக்கடா" என்று முதலாளி சொன்னதால், ஒன்பது வருஷமாகத் திரைக்கு முதுகைக் காட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தைப் பற்றிக் கேட்டால் தெரியாது. கதவைப் பற்றி எது கேட்டாலும் சொல்வான்.

டிக்கெட் கொடுப்பவள் மங்களேஸ்வரி. நான்கு பேரில் அவள்தான் படித்தவள். எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். வாசித்ததை மாற்ற யாரையும் விடமாட்டாள்.

அங்கே படம் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துக்கு மேலே தெரியாது. தலைகள் எல்லாம் திரையைத் தாண்டி மேலே போய், கறுத்துப்போன மண்டிச் சுவரில் விழுந்து காணாமல் போய்விடும். மிச்ச உடம்பு கஞ்சித் தண்ணிக்குள் நிற்பதுபோல நிற்கும். ஊர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். கதாநாயகனைச் செருப்பை வைத்தும், கதாநாயகியைக் கொலுசை வைத்தும், வில்லனைப் பூட்ஸை வைத்தும் அடையாளம் கண்டுகொண்டார்கள். பூட்ஸ் செருப்பைத் துரத்தினால் சண்டை. செருப்பும் கொலுசும் நெருங்கி நின்றால் காதல். இரண்டுக்கும் விசில் அடித்தார்கள்.

ஆபரேட்டருக்கு மட்டும் ஒரு மனக்குறை. ஒவ்வொரு ஆட்டத்திலும் யாராவது ஒருத்தர், "ஏ தலைவெட்டி!" என்று மெஷின் ரூமைப் பார்த்துக் கத்துவார்கள். அந்தப் பேர் வீதிக்கு வந்து, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொன்னால் அவர் மனைவியும் அந்தப் பேரையே சொன்னாள்.

இப்படி இருக்கும்போது தீபாவளி நெருங்கியது. அந்த வருஷத் தீபாவளிப் படத்துக்குச் சுற்றுவட்டாரமே அடித்துக்கொண்டது. ஆலங்குறிச்சிக் கொட்டகைக்காரர், "சாளையநத்தத்துல போட்டா படத்துக்குத்தான் அவமானம்" என்று படக் கம்பெனிக்கு எழுதிவிட்டார். விஷயம் தாண்டவராயன் காதுக்கு வந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் ஆட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து வேதமூர்த்தி என்பவர் பரிசோதனைக்கு வந்தார். நடு வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார்.

"இது யாரு நடிச்ச படங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் முதலாளி பணிவாக. "இப்ப இடது காலுதான் வந்திருக்கு. வலது காலு வந்ததும் சொல்லிடுறேன்."

வேதமூர்த்தி எழுந்து வெளியே வந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தார். பிறகு நான்கு பேரையும் வரிசையாக நிற்கவைத்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சு விஷயம் சொல்றேன், எழுதிக்குங்க. ஒண்ணு, தலை வெட்டுப்படுது. திரையில தலை தெரியணும். ரெண்டு, படம் கலங்கலா இருக்கு, தெளிவா இருக்கணும். மூணு, விளக்கைப் பட்டுனு அணைக்கிறீங்க. ஒண்ணொண்ணா, நிதானமா அணைக்கணும். நாலு, சத்தம் ஒரு மூலையிலேருந்தே வருது. நாலு பக்கமும் வரணும். அஞ்சு, கூரையெல்லாம் ஓட்டை. படம் ஓடும்போது ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். அஞ்சும் சரியா இருந்தா தீபாவளிப் படம் உங்களுக்கு. இல்லேன்னா ஆலங்குறிச்சிக்கு."

மங்களேஸ்வரி எழுதி முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அதன் மேல் இன்னொரு முறை அழுத்தினாள்.

சனிக்கிழமை தலையை எடுத்துக்கொண்டார்கள்.

"தலை திரைக்கு மேல போகுது" என்றார் ஆபரேட்டர். "அப்ப திரை தலைகிட்டப் போகணும்."

ஏணி வைத்துத் திரையை ஆறடி உயர்த்திக் கட்டினார்கள். தலை திரையில் விழுந்தது; கால் கீழே சுவருக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பகல் ஆட்டத்தில் பெரிய கலாட்டா. திரையில் மூக்கும் முழியுமாக ஒருவர் வந்து வசனம் பேசினார். கொட்டகையில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை.

"யாருய்யா இந்த ஆளு? செருப்பைக் காட்டு!" என்று பெஞ்சு டிக்கெட்டில் கத்தினார்கள்.

"கால் இல்லாதவன் எப்படிய்யா நடந்து வர்றான்?" என்று ஒருவர் மங்களேஸ்வரியிடம் வந்து நியாயம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"தலையும் வேணும், காலும் வேணும்" என்றார் முதலாளி. "எது வேண்டாம்?"

"வயிறு" என்றான் பாவாடை.

"வயித்துல குண்டு பாயுற கட்டம் வந்தா?" என்றாள் மங்களேஸ்வரி.

"சத்தம் கேக்கும்லக்கா."

அதுவும் சரிதான் என்று திரையைக் குறுக்காக வெட்டி, பாதியை மேலே தலைக்கும் பாதியைக் கீழே காலுக்கும் கட்டினார்கள். நடுவில் கறுப்புச் சுவர். ஊர்க்காரர்களுக்குத் திருப்தி. கல்யாணக் கட்டத்தில் தாலி சுவரில் விழுந்துவிட்டதால் கல்யாணம் ஆனதா இல்லையா என்று மட்டும் கொஞ்சம் சண்டை நடந்தது.

அடுத்தது கலங்கல்.

"படப்பெட்டி எதுல வருது?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

"பஸ்ஸுல" என்றான் பாவாடை. "கூரை மேல போட்டு."

"ஆலங்குறிச்சி ரோட்டுல. எத்தனை பள்ளம்! ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினா எதுதான் கலங்காது?"

திங்களும் செவ்வாயும் ஆட்டத்தை நிறுத்தி, பெட்டியை ஆடாமல் அசையாமல் வைத்தார்கள். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவு. புதன்கிழமை ஓட்டிப் பார்த்தால் அதே கலங்கல்.

"கெணத்துத் தண்ணி கலங்கினா நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்று பாவாடை கேட்டான்.

"தேத்தாங்கொட்டையை இழைச்சு விடுவேன். அழுக்கெல்லாம் அடியில போய் உக்காந்துக்கும்" என்றாள் மங்களேஸ்வரி. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஒரு கிண்ணம் தேத்தாங்கொட்டை விழுது தயாரானது. லென்சில் பூச வேண்டும். ஆனால் கை படக்கூடாதே! ஜோதிலிங்கம் ஒரு தேங்காய் மூடியால் விழுதை அள்ளி, கண்ணாடி மேல் வீசினார். அப்பிக்கொண்டது. அழுக்கு அடியில் போய் உட்காரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். மெஷினைப் போட்டால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

"வண்டல் இன்னும் இறங்கலை" என்றார் முதலாளி. "இறுத்துடலாம்."

நான்கு பேரும் மெஷினைத் தூக்கி, சாதம் வடிப்பதுபோல முன்பக்கம் சாய்த்தார்கள். விழுது சொட்டியது. மிச்சத்தைப் பாவாடை தன் வேட்டி முனையால் துடைத்துவிட்டான். அவனிடம் கை படக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. விழுதோடு பதினைந்து வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் வந்துவிட்டன. இறக்கி வைக்கும்போது மெஷின் பழைய இடத்தில் உட்காராமல், மூக்கு கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தது.

ஆபரேட்டர் விசையைத் தட்டினார். தலை நடுச் சுவரில் விழுந்ததால் மங்களேஸ்வரி ஓடிப்போய் ஊசி நூல் கொண்டுவந்து, வெட்டின திரையை ஒட்டுத் தெரியாமல் தைத்தாள்; பழைய இடத்திலேயே கட்டினார்கள்.

நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். திரையில் ஒரு மனுஷன் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் முழுசாக நின்றான். மூக்கில் வேர்வை தெரிந்தது. பக்கத்தில் நின்றவள் மூக்குத்தியில் சிவப்புக் கல் தெரிந்தது. பின்னால் தென்னை மரம். மரத்தில் எத்தனை தேங்காய் என்று எண்ணலாம்.

அதற்குள் கதவுக்குப் போய் நின்றிருந்த பாவாடைகூடத் திரும்பிப் பார்த்தான். "இங்க இதெல்லாம் நடக்குதா?" என்று கேட்டான்.

ஜோதிலிங்கம் மெஷின் ரூமிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தலை இருக்கு முதலாளி" என்றார். "எல்லாருக்கும் தலை இருக்கு."

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் சாளையநத்தம் ஜில்லாவிலேயே முதல் கொட்டகையாக ஆகியிருக்கும். ஆனால் எழுதியிருந்தது ஐந்து.

வெள்ளிக்கிழமை காலையில் மங்களேஸ்வரி வாசித்தாள்: "அஞ்சு. படம் ஓடும்போது ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது."

கூரை ஓட்டைகளைச் சாக்கு வைத்து அடைத்தார்கள். கதவு இடுக்கில் கந்தல். சாவித் துவாரத்தில் புளி. எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள். கும்மிருட்டு. நான்கு பேருக்கும் பரம சந்தோஷம்.

"படம் ஓடும்போதுன்னு எழுதியிருக்கு" என்றாள் மங்களேஸ்வரி. "ஓட்டிப் பாக்கணும்."

ஓட்டினார்கள். பின்சுவரில், உயரத்தில் இருந்த ஒரு சின்னச் சதுர ஓட்டை வழியாக, வாழைத்தண்டு கனத்துக்கு வெளிச்சம் சர்ரென்று உள்ளே பாய்ந்தது.

முதலாளி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அடப்பாவிகளா! இத்தனை வருஷமா இவ்வளவு பெரிய ஓட்டையை ஒருத்தனும் பாக்கலையா?"

"நான் கதவைப் பாத்துக்கிட்டிருந்தேன் முதலாளி" என்றான் பாவாடை.

ஜோதிலிங்கம் தயங்கினார். "முதலாளி, எனக்கென்னமோ அது வழியாத்தான் படம் போகுதுன்னு தோணுது."

பெரிய சந்தேகம்தான். தீர்த்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. பாவாடை ஏணியில் ஏறி அந்த வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டினான்.

"கையில என்னடா இருக்கு?" என்று கீழேயிருந்து கேட்டார் முதலாளி.

"வெளிச்சம்."

"மூக்கு முழி ஏதாவது?"

"இல்லீங்க."

"தென்னை மரம்?"

"ரேகைதாங்க இருக்கு."

"கேட்டுக்கிட்டீங்களா ஆபரேட்டர்? அது வழியா வர்றது வெறும் வெளிச்சம். படம் வரலை."

"அப்ப படம் எங்கேருந்து வருதுங்க?"

"திரையிலேருந்துதான்" என்றாள் மங்களேஸ்வரி. "இல்லேன்னா சனங்க எதுக்கு அந்தப் பக்கம் பாத்து உக்காருது?"

ஜோதிலிங்கம் ரொம்ப நேரம் யோசித்தார். தப்பு எங்கேயும் தென்படவில்லை. கொத்தனார் வந்து, செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போனார்.

பகல் ஆட்டத்துக்கு வேதமூர்த்தி வந்தார். ஊரே வந்திருந்தது. அவரை நட்ட நடு நாற்காலியில் உட்காரவைத்து ஒரு விசிறியும் கொடுத்தார்கள்.

முதலில் விளக்கு. கொட்டகையில் பதினாறு பல்பு. பாவாடை ஏணியைச் சாய்த்து, ஏறி, ஒரு பல்பைக் கழற்றி, துணியில் சுற்றி, இறங்கி, அதை மங்களேஸ்வரியிடம் ஒப்படைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த பல்புக்குப் போனான். ஒன்றொன்றாக, நிதானமாக. ஒவ்வொரு பல்புக்கும் சனங்கள் கை தட்டினார்கள். பதினாறும் இறங்க நாற்பது நிமிஷம் ஆயிற்று.

பிறகு இருட்டு. நெல் மண்டிக்குள், வாயைக் கட்டின மூட்டைக்குள் இருப்பதுபோல ஓர் இருட்டு.

பிறகு சத்தம். கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. நாலு பக்கமும் வரணும் என்று எழுதியிருந்ததால், அதை வெங்காயக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். பாவாடை அதைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தான். கதாநாயகி அழ ஆரம்பிக்கும்போது வாசல் பக்கம் இருந்தாள். அழுது முடிக்கும்போது சோடாக் கடைப் பக்கம் வந்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் வயர் வந்தது. முதல் சுற்றில் வயர் நாற்காலிகளைச் சுற்றியது. இரண்டாம் சுற்றில் முழங்கால்களை. ஐந்தாம் சுற்றில் வேதமூர்த்தியின் நெஞ்சுக்கு ஏறிவிட்டது.

"படம் எங்கேய்யா?" என்று இருட்டுக்குள் அவர் குரல் கேட்டது.

"ஓடிக்கிட்டிருக்கு சார்" என்றார் பக்கத்தில் இருந்த முதலாளி.

"ஒண்ணுமே தெரியலையேய்யா!"

"ஒரு கோடு தெரியுதா சார்? ஒரு கலங்கல் தெரியுதா? சொல்லுங்க."

பின்வரிசையில் சனங்களும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள்.

"இருட்டு எப்படி?"

"பகல் ஆட்டத்துலயே இவ்வளவு இருட்டுன்னா, மனுஷன் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கணும்!"

"தலை வெட்டுப்படுதா?"

"இதுவரைக்கும் இல்லை."

மெஷின் ரூமில் ஜோதிலிங்கம் தனியாக நின்றிருந்தார். ஓட்டை இருந்த இடத்தில், புதுச் சுண்ணாம்பு மேல், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளிச்சம் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு ரீல் போயிற்று. இரண்டு ரீல் போயிற்று. ஆறு ரீல் போயிற்று. "ஏ தலைவெட்டி" என்று ஒரு குரல் வரவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இடைவேளைக்குப் பாவாடை பல்புகளை மாட்ட ஆரம்பித்தான். நான்காவது பல்பு எரிந்தபோது வேதமூர்த்தியின் முகம் தெரிந்தது. மனுஷர் வயருக்குள் கழுத்து வரை இருந்தார். கொட்டகை முழுக்க எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்; ஆனால் மற்றவர்கள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அவுத்து விடுங்கய்யா" என்றார்.

நான்கு பேரும் கூடிப் பேசினார்கள்.

"வண்டி வந்த வழியே பின்னால சுத்தினாத்தான் வயர் அவிழும்" என்றார் முதலாளி.

"வண்டி பின்னால போனா சத்தமும் பின்னால போகணுமே" என்றான் பாவாடை.

"அப்ப படத்தைக் கடைசியிலேருந்து முதலுக்கு ஓட்டணும்" என்றார் ஆபரேட்டர். "ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்."

"பல்பை மறுபடி கழட்டணும்" என்றாள் மங்களேஸ்வரி. "ஒண்ணொண்ணா."

வேதமூர்த்தி கண்ணை மூடித் திறந்தார். "அந்தத் தாளைக் கொண்டாம்மா" என்றார். மங்களேஸ்வரி ஐந்தையும் வாசித்தாள். தலை வெட்டுப்படுகிறதா? இல்லை. கலங்கல் உண்டா? இல்லை. விளக்கு நிதானமா? ரொம்ப. சத்தம் நாலு பக்கமுமா? ஆமாம், ஆமாம். வெளிச்சம் ஒரு பொட்டாவது? "சத்தியமா இல்லை" என்றார் வேதமூர்த்தி. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். வயருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரலால் கையெழுத்துப் போட்டார்.

மங்களேஸ்வரி உடனே கத்தரிக்கோலை எடுத்து வயரை ஒரே வெட்டு வெட்டினாள்.

"கத்தரிக்கோல் இருக்குன்னு ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

அவர் பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. ஆலங்குறிச்சி ரோட்டில் நடந்தே போனதாகச் சொல்கிறார்கள்.

தீபாவளிப் படம் சாளையநத்தத்துக்கு வந்தது. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். இருபது நாள் நிற்காமல் ஓடியது. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, இருட்டில் உட்கார்ந்து, நாலு பக்கமும் காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, வயரை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

இருபத்தோராம் நாள் ஒரே ஒரு புகார் வந்தது. கொடுத்தவர் ஒரு பல் டாக்டர், பட்டணத்தில் படித்தவர். ஆட்டம் முடிந்ததும் நேராக முதலாளியிடம் வந்தார்.

"படம் பிரமாதம். அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா எனக்கு முன்னால உக்காந்திருந்த ஆளு நல்ல உசரம். அவர் தலை மறைச்சுட்டதால கடைசிக் காட்சியை என்னால பாக்க முடியலை."

தாண்டவராயனுக்கு முகம் வாடிப்போயிற்று. படித்த மனுஷர் சொல்வதைத் தள்ள முடியுமா? நான்கு பேரும் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாளிலிருந்து உசரமானவர்களைப் படம் முடிந்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். அவர்களும் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தது என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.